மூன்றாம் தரப்பு: ஓர் இன்சூரன்ஸ் மேசையிலிருந்து சில குறிப்புகள்

இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை என்று சொன்னதும் இலக்கிய நண்பர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். 'பாலிசி கிலிசின்னு ஆரம்பிச்சிடாதீங்க தோழர்' என்று சிரித்துக்கொண்டே நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். இல்லையென்றால் காஃப்காவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். முதல் வகையினர் என்னை ஏஜெண்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பெரிய பாதகமில்லை. இரண்டாம் வகையினரின் குழப்பம்தான் சுவாரசியமானது. முடிவற்ற தாழ்வாரங்கள், முகமற்ற அதிகாரிகள், யாருக்கும் புரியாத விதிகள் என்று ஒரு சித்திரம் அவர்களிடம் இருக்கிறது. காஃப்கா 1907இல் சேர்ந்த தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியை ஓராண்டுக்குள் விட்டுவிட்டார். 1908 முதல் 1922 வரை அவர் வேலை பார்த்தது ப்ராகில் இருந்த தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில். எந்தத் தொழிற்சாலை எவ்வளவு அபாயமானது என்று வகைப்படுத்துவது, அதற்கேற்ப முதலாளிகளிடம் பிரீமியம் கேட்பது, மரம் இழைக்கும் இயந்திரத்தில் தொழிலாளியின் விரல் போகாமலிருக்க அதன் தண்டு எப்படி அமைய வேண்டும் என்று படம் போட்டு அறிக்கை எழுதுவது ஆகியவை அவருடைய வேலையில் அடங்கும். அதாவது, இனிமேல் போகப்போகிற விரல்களுக்காகவும் அவர் எழுதினார். எங்கள் மேசைக்கு ஆள் போன பிறகுதான் காகிதம் வரும். எங்கள் தாழ்வாரமும் இருபது அடிக்கு மேல் நீளமில்லை. விதிகள் புரியாதவை என்பதும் உண்மையல்ல. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த எவருக்கும் புரியும். சங்கடமே அது அவ்வளவு தெளிவாக இருப்பதில்தான்.

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்றது பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் நான்கில் ஒன்றில். எது என்பது இங்கே முக்கியமில்லை. நான்கிலும் ஃபைலின் நிறம்தான் வேறு. 1973 ஜனவரி 1இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானபோது 107 கம்பெனிகள் கரைந்து இந்த நான்கும் உருவாயின. ஆயுள் காப்பீட்டுக்கு அந்த வேலை 1956லேயே முடிந்துவிட்டது. எங்களிடம் தீ, கப்பல் சரக்கு, பயிர், மாடு, மெடிக்ளெய்ம் எல்லாம் உண்டு. ஆனால் சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இன்சூரன்ஸ் என்றால் லாரிதான். வீட்டுக்கு ஒரு லாரி, லாரிக்கு ஒரு பைனான்ஸ், பைனான்சுக்கு ஒரு பாலிசி என்று இருக்கிற பூமி அது. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மோட்டார் தேர்ட் பார்ட்டி செக்ஷனில் கழிந்தது.

'தேர்ட் பார்ட்டி' என்ற சொல்லை முதலில் பார்ப்போம். வண்டிக்காரர் முதல் தரப்பு, கம்பெனி இரண்டாம் தரப்பு. இருவருக்கும் இடையே ஒப்பந்தம், பிரீமியம், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. மூன்றாம் தரப்பு என்பவர் ரோட்டில் போகிற யாரோ. அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவர் யார் என்று பாலிசி எழுதும்போது யாருக்கும் தெரியாது. அவர் அடிபட்ட பிறகுதான் ஒப்பந்தத்துக்குள் வந்து சேர்கிறார். அதுவும் பெரும்பாலும் பிணமாக. நமது பத்திரிகைகளில் 'மற்றமை' பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. சட்டமே பெயர் சூட்டி, கட்டாய பிரீமியமும் வசூலித்து வைத்திருக்கிற மற்றமை இந்த மூன்றாம் தரப்புதான். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்தக் காப்பீடு கட்டாயம் என்று வந்தது; நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலையில். இப்போதிருக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. முன்பின் தெரியாத ஒருவனுக்காக வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு உண்டியலில் காசு போட்டு வைக்க வேண்டும் என்ற இந்த யோசனையில் ஒரு சோஷலிசச் சாயல் இருப்பதை மறுக்க முடியாது. உண்டியலைத் திறந்து கொடுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

காலையில் தபால் பிரிப்பார்கள். தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வரும், கூடவே மனு நகல். எங்கள் பக்கத்தில் எல்லோரும் 'எம்சிஓபி' என்றுதான் சொல்வோம். பாதிக்கப்பட்ட குடும்பங்கூட நாலைந்து வாய்தாவுக்குள் அந்தச் சொல்லைப் பழகிக்கொள்ளும். மனு வந்ததும் ஃபைல் திறந்து, எண் போட்டு, முதல் பக்கத்தில் ஒரு கட்டத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். இறந்தவர் வயது, தொழில், மாத வருமானம், சார்ந்திருப்போர் எண்ணிக்கை. அதற்கடுத்த வரி 'எஸ்டிமேட்'. அதாவது இந்தச் சாவுக்கு இந்த வருடக் கணக்கில் எவ்வளவு ஒதுக்கி வைப்பது. குடும்பம் இன்னும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லியிருக்காது. எங்கள் லெட்ஜரில் தொகை ஏறிவிடும். மார்ச் குளோசிங் சமயத்தில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ஃபைல்களுக்கு இந்த எஸ்டிமேட்டைத் திருத்துவோம். 'அந்த டெத் கேஸை எடு', 'இது கால் போன கேஸா, கை போன கேஸா' என்று பேச்சு ஓடும். நடுவில் டீ வரும். வெளியாளுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வேலை செய்கிறவர்கள் பேசுகிற மாதிரிதான் நாங்களும் பேசினோம். இந்தப் பேச்சில் நான் தேடினாலும் கொடுமை கிடைக்காது. கொடுமை அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

ஃபூக்கோவுக்கு உதவியாளராக இருந்த பிரான்ஸுவா எவால்ட் காப்பீடு பற்றி எழுதியது நம்மில் சிலருக்கு 1991இல் வெளிவந்த ஆங்கிலத் தொகுப்பு வழியாக வந்து சேர்ந்தது. அபாயம் என்று உலகத்தில் தனியாக ஒரு பொருள் இல்லை, எதை வேண்டுமானாலும் அபாயமாக வகுத்துக் கணக்கிடலாம், அப்படி வகுக்கிற தொழில்நுட்பம்தான் காப்பீடு என்பது அவர் வாதத்தின் சாரம். தனிமனிதனின் குற்றம், விதி, பாவம் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் கூட்டத்தின் சராசரி வந்து உட்கார்கிறது. வாதம் சரிதான். ஆனால் ஐரோப்பியச் சராசரிக்குப் பின்னால் சம்பளப் பட்டியல் இருந்தது, பிறப்புப் பதிவு இருந்தது. நமது சூழலில் சராசரி எடுப்பதற்கே ஆள் காகிதத்தில் இருக்க வேண்டுமே. எங்கள் ஃபைல்களில் பாதிப் பேருக்கு வயதே 'சுமார்' என்றுதான் இருந்தது.

இப்போது அந்தக் கணக்கு. செத்துப்போனவரின் ஆண்டு வருமானத்தை எடுத்துக்கொள். அவர் உயிரோடு இருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பதைக் கழி. மீதியை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்கு. அந்த எண்ணுக்குப் 'பெருக்கி' என்று பெயர். அதன் பின்னாலிருக்கிற தர்க்கம் வட்டிக்கடைக்காரர்களுக்கு உடனே பிடிபடும். குடும்பத்துக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் வட்டி, ஆள் முதல். முதல் போய்விட்டது, அதே வட்டி வருகிற மாதிரி ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டால் கணக்கு நேர். இங்கிலாந்து நீதிமன்றங்கள் வளர்த்த முறை இது. 1993இல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் இதையே சரியான முறை என்று உறுதிசெய்தது. 2009இல் சரளா வர்மா தீர்ப்பு பெருக்கிகளை ஒழுங்குபடுத்தியது. 15 முதல் 25 வயது வரை 18, 31 முதல் 35க்கு 16, 36 முதல் 40க்கு 15, 41 முதல் 45க்கு 14 என்று இறங்கிக்கொண்டே வந்து, 65க்கு மேல் 5. சார்ந்திருப்போர் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழிவு, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு, கல்யாணமாகாதவர் என்றால் பாதி. போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் 'சுமார் 40' என்பதற்குப் பதில் 'சுமார் 42' என்று எழுதியிருந்தால் ஒரு வருட வருமானம் போச்சு. அந்த டாக்டருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வயது 32. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. நாள் கூலி 500, மாதம் 24 நாள் வேலை. 12,000 வருகிறது. ஆனால் காகிதம் ஒன்றும் இல்லை. காகிதம் இல்லாதவர்களுக்கு நீதிமன்றங்கள் ஒரு உத்தேச வருமானம் வைக்கும். 2011இல் ராமச்சந்திரப்பா வழக்கில் கூலித் தொழிலாளி ஒருவருக்கு உச்சநீதிமன்றம் மாதம் 4,500 வைத்தது. 2014இல் சையது சாதிக் வழக்கில் காய்கறி வியாபாரி ஒருவருக்கு 6,500. தெருவில் காய் விற்கிறவரிடம் சம்பளச் சான்று கேட்பது என்ன நியாயம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. அதற்காக அதை மதிக்க வேண்டும். சரி, நம் கொத்தனாருக்கும் 6,500 வைப்போம். ஆண்டுக்கு 78,000. நான்கில் ஒன்று போக 58,500. பெருக்கி 16. ஆக 9,36,000. உண்மையான 12,000க்குப் போட்டால் 17,28,000 வந்திருக்கும். வித்தியாசம் 7,92,000 ரூபாய். இந்த எட்டு லட்சத்தை யாரும் திருடவில்லை. கம்பெனி ஏமாற்றவில்லை, வக்கீல் தின்னவில்லை, நீதிபதி ஓரவஞ்சனை செய்யவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கைக்குக் கை மாறிய பணத்துக்கு ரசீது இல்லை, அவ்வளவுதான்.

இதோடு முடியவில்லை. மனிதனுக்கு எதிர்காலம் என்று ஒன்று உண்டல்லவா, சம்பளம் கூடும். அதற்காக வருமானத்தோடு ஒரு சதவீதம் சேர்ப்பார்கள். சரளா வர்மா தீர்ப்பின்படி நிரந்தர வேலைக்காரர் நாற்பது வயதுக்குட்பட்டவரானால் 50 சதவீதம் கூட்டலாம். சுயதொழில்காரருக்கும் ஏற்றமில்லாத நிலையான சம்பளக்காரருக்கும் சாதாரணமாக ஒன்றும் கிடையாது. கொத்தனாருக்கு எதிர்காலம் இல்லை என்று சட்டமே எழுத்தில் வைத்திருந்தது என்றால் மிகையாகத் தோன்றலாம். அந்தக் காலத்து எதிருரைகளை எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே வாசகம் இருக்கும். நடுவில் சில தீர்ப்புகள் அப்படியும் இப்படியும் போய், 2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சுயதொழில்காரருக்கும் 40 சதவீதம் என்று தீர்த்தது. அப்படியும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்தனாருக்கு 6,500 வருமானத்தில் 13,10,400. அதே வயது, அதே குடும்பம், என் செக்ஷனில் மாதம் 40,000 வாங்குகிற உதவியாளர் அதே லாரியில் அடிபட்டால் 86,40,000. வாழ்நாளில் இருந்த ஏற்றத்தாழ்வு சாவிலும் தொடர்வது இயல்புதானே என்று கேட்கலாம். தொடரவில்லை, அதிகரிக்கிறது. உயிரோடிருந்தபோது எங்கள் உதவியாளர் கொத்தனாரைப் போல மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சம்பாதித்தார். இறந்த பிறகு ஆறரை மடங்கு பெறுகிறார்.

சாவின் துக்கத்துக்கென்று தனியாக ஒன்றுமில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்டு. பிரணய் சேத்தி தீர்ப்பில் துணையை இழந்ததற்கு 40,000, சொத்திழப்புக்கு 15,000, ஈமச்சடங்குக்கு 15,000. மூன்று வருடத்துக்கொருமுறை பத்து சதவீதம் கூடும். இந்த மூன்று தலைப்பில் மட்டும்தான் கொத்தனாரும் கம்பெனி உதவியாளரும் சமம்.

லோக் அதாலத் பற்றிச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுப்பதைப் பேசி முடிக்கலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குடும்பத்துக்குப் பணம் சீக்கிரம் வரும். சனிக்கிழமையில் கோர்ட் வளாகம் திருவிழா மாதிரி இருக்கும். ஒரு மேசையில் நீதிபதி, எங்கள் பேனல் வக்கீல், இவ்வளவு வரை போகலாம் என்று மேலிடத்து அனுமதியை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எங்கள் அதிகாரி. எதிரில் மனுதாரர் வக்கீல், அவருக்குப் பின்னால் குடும்பம். எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்திக் கைக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார்களே, ஏறக்குறைய அதே நாசூக்கு. வாயால் எண்ணைச் சொல்லாமல் பேனாவால் காகித ஓரத்தில் எழுதிக் காட்டுவார்கள். வெட்டித் திருத்துவார்கள். ஒரு முறை அதிகாரி குடும்பத்தின் பக்கமே திரும்பி நேரடியாகக் கேட்டார்.

'ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு மாசம் எவ்வளவு வந்துச்சு?'

'மாசமுன்னு இல்லீங்க சாமி. வேலை இருந்தா ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறநூறு வருமுங்க.'

'இல்லேன்னா?'

'இல்லேன்னா இல்லீங்க.'

அதிகாரி நல்ல மனிதர்; அந்தப் பதிலைக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்று என்னைப் பார்த்தார். 'இல்லேன்னா இல்லீங்க' என்பதை எழுதுகிற கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை. அந்த அம்மா சொன்னதைவிடத் துல்லியமாக அத்தக்கூலிப் பொருளாதாரத்தை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் துல்லியமான அந்த வாக்கியம்தான் வருமானம் நிரூபிக்கப்படவில்லை என்ற முடிவுக்குச் சான்றாகிறது.

சொற்கள் ஆளைக் கொல்லும் என்பது உவமையாகச் சொல்லப்படுவது. இன்சூரன்ஸில் அதை நேராகவே பார்க்கலாம். மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் அமெரிக்காவில் ஒரு தீக் காப்பீட்டுக் கம்பெனியில் தீத்தடுப்பு ஆய்வாளராக வேலை பார்த்தவர். பெட்ரோல் தீர்ந்துபோன பீப்பாய்களைக் 'காலி' என்று சொல்வதால்தான் தொழிலாளிகள் அவற்றின் பக்கத்தில் அலட்சியமாகச் சிகரெட் பிடிக்கிறார்கள், உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவியோ நிறைந்த பீப்பாயைவிட அபாயமானது என்று அவர் கண்டுகொண்டது தீவிபத்து அறிக்கைகள் வழியாக. எங்கள் அறிக்கைகளில் அப்படி ஒரு சொல் உண்டு. 'இலவசப் பயணி'.

விடிகாலையில் கரும்பு வெட்டவோ வெங்காயம் பிடுங்கவோ களையெடுக்கவோ பெண்கள் எதில் போகிறார்கள்? பஸ் இல்லாத ஊர்களிலிருந்து டிராக்டர் டிரெய்லரில், மினிலாரியில், டாடா ஏஸில். கோயிலுக்கு, காதுகுத்துக்கு, துட்டிக்கும் அப்படித்தான். வண்டி கவிழ்ந்தால் பத்துப் பதினைந்து பேர். சட்டத்தில் சரக்கு வாகனம் என்பது சரக்குக்கானது; அதில் ஏறிய மனிதர் இலவசப் பயணி. அவருக்காக வண்டிக்காரர் பிரீமியம் கட்டவில்லை, ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை. 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதற்கு முன் அதே நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லியிருந்தது. வண்டி முதலாளி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வரும். அவருக்கு அந்த டாடா ஏஸ் ஒன்றுதான் சொத்து, அதுவும் பைனான்ஸில். சில வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ரோட்டோரம் நடந்துபோய்க்கொண்டிருந்தபோது இதே வண்டி மோதியிருந்தால் அவர் முழு மூன்றாம் தரப்பு. வண்டிக்குள் இருந்ததால் எந்தத் தரப்புமில்லை. கூலியில் பிடித்துக்கொண்டு ஏற்றிப்போகிற முதலாளியின் வண்டியில் போகிறவர் எந்த அர்த்தத்தில் 'இலவசம்' என்று சட்டப் புத்தகம் சொல்வதில்லை.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ வண்டியில் இருந்தால் காப்பீடு உண்டு. அதன் பிறகு வந்த மனுக்களில் நான் கண்ட மாற்றம் எந்தப் புனைகதை எழுத்தாளரையும் பொறாமைப்பட வைக்கும். இறந்துபோன பதினொரு பேரும் சரக்கின் உரிமையாளர்கள். ஆளுக்கொரு மூட்டை. ஒருவர் தக்காளி, ஒருவர் மரவள்ளி, ஒருவர் தன் ஆட்டுக்குட்டி. எங்கள் இன்வெஸ்டிகேட்டர் போய் மகஜரைப் பார்த்து 'சம்பவ இடத்தில் மூட்டை எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் கொடுப்பார். மனுதாரர் தரப்பு 'அடுத்த ஊர்க்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க' என்று சொல்லும். இதைப் பொய் என்று எங்கள் கேண்டீனில் சிரித்தவர்கள் உண்டு. மூட்டையோடு இருந்தால்தான் மனுஷிக்கு விலை என்று சட்டம் சொன்ன பிறகு மூட்டை வந்து சேர்ந்தது. யார் முதலில் புனைந்தது?

பெண்களின் கணக்கு தனி. 1994 திருத்தம் கொண்டுவந்த இரண்டாம் அட்டவணையில் வருமானமே இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் உத்தேசமாக வைக்கலாம் என்றிருந்தது. அதற்கடுத்த வரியில், வாழ்க்கைத் துணை என்றால் சம்பாதிக்கிற துணையின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். புருஷன் ஆண்டுக்கு 45,000க்குக் கீழே சம்பாதித்தால், வீட்டில் எல்லா வேலையும் செய்கிற மனைவியின் மதிப்பு ஒரு வேலையும் செய்யாதவரின் மதிப்பைவிடக் குறைவு. ஏழை வீட்டுப் பெண்டாட்டிதான் பட்டியலின் கடைசி. 2001இல் ஜம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் உச்சநீதிமன்றம் இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 வைத்தது. 2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் இந்த மூன்றில் ஒரு பங்கைக் கடுமையாக விமர்சித்தது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் வீட்டுவேலைக்கு உத்தேச வருமானம் வைப்பது அந்த உழைப்புக்குத் தரும் அங்கீகாரம் என்று சொன்னது. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஊதியமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண் ஒரு நாளைக்கு அதில் 299 நிமிடம் செலவிடுவதாகவும், அதைச் செய்கிற ஆண் 97 நிமிடம் செலவிடுவதாகவும் வந்தது. அந்தப் பழைய அட்டவணை 2018இல் போய்விட்டது. ஆனால் காலையில் காட்டு வேலை, சாயங்காலம் வீட்டு வேலை என்று இரண்டும் செய்கிறவளுக்கு எங்கள் படிவத்தில் தொழில் என்ற கட்டம் ஒன்றுதான் இருந்தது.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்த நாங்கள் யார்? பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்கள். கல்யாணச் சந்தையில் 'மாப்பிள்ளை இன்சூரன்ஸில்' என்றால் தனி மரியாதை. பஞ்சப்படி, எல்டிசி, மெடிக்ளெய்ம், பென்ஷன் என்று எங்கள் எதிர்காலம் பூராவும் கணக்கிடப்பட்டிருந்தது. எதிர்காலம் உறுதியானவர்கள் எதிர்காலம் இல்லாதவர்களின் எதிர்காலத்தைக் கணக்கிடுகிற இடம் அது. எங்கள் சங்கம் வலுவானது. 1994இல் மல்ஹோத்ரா கமிட்டி தனியாருக்குத் திறந்துவிடச் சொன்னபோது வாயில் கூட்டம் போட்டோம், கையெழுத்து இயக்கம் நடத்தினோம். 1999இல் சட்டம் வந்தது, 2000த்தில் கதவு திறந்தது. 2004இல் விருப்ப ஓய்வில் பல பேர் போனார்கள். அவர்கள் நாற்காலிகள் வெகுகாலம் காலியாகவே இருந்தன. 2021 ஆகஸ்டில் அரசுப் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போகலாம் என்றும் சட்டம் திருத்தப்பட்டது. பொதுத்துறையைக் காப்போம் என்ற கோஷத்தை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லாரி என்றாலே தனியார் கம்பெனிகள் ஒதுங்கிப்போன காலத்தில் அந்தப் பாரத்தைச் சுமந்தவை நாங்கள் இருந்த நான்கு கம்பெனிகள்தான். பொறுப்பை எல்லோருக்கும் பகிர 2007இல் ஒரு பொதுத் தொகுப்பே உண்டாக்க வேண்டியதாயிற்று. தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஏறும்போதெல்லாம் நாமக்கல் கொந்தளிக்கும். 2018 ஜூலையில் நாடு முழுவதும் லாரிகள் நின்றபோது அதுவும் ஒரு கோரிக்கை. ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மக்கள் பணத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற அதே வார்த்தையால்தான் எதிருரையில் 'வயது, தொழில், வருமானம் ஆகியவற்றை மனுதாரர் கண்டிப்பான முறையில் நிரூபிக்க வேண்டும்' என்ற வரியும் நியாயப்படுத்தப்பட்டது. இந்த முரண்பாட்டைச் சங்கக் கூட்டத்தில் பேசினால், 'அது சட்டப் பிரச்சினை தோழர், அஜெண்டாவுல இல்ல' என்பார்கள்.

களத்திலிருக்கிற நண்பர்களுக்கும் எனக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. விபத்து நடந்ததும் மறியல் செய்வார்கள், நிவாரணம் கேட்பார்கள், தாசில்தார் வந்து வாக்குறுதி கொடுத்ததும் கலைந்துபோவார்கள். தீர்ப்பாயம் வக்கீல்களின் விவகாரம் என்று விட்டுவிடுவார்கள். ஸ்டேஷனில் லாரி முதலாளி கொடுக்கிற பத்தாயிரம் இருபதாயிரத்துக்கு சமாதானம் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையில் வண்டி நம்பரே தெளிவாக இல்லாமல் போன கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன். நம்பர் தெரியாத வண்டி அடித்தால் இப்போதிருக்கிற திட்டத்தில் சாவுக்கு 2 லட்சம்தான். அடித்த வண்டி தெரிந்து, யார் தப்பு என்று நிரூபிக்காமலே வாங்குவதானால் 5 லட்சம். மனுப் போடுவதற்கு 1994இல் எடுத்துவிட்ட காலக்கெடு, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் என்று 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் வந்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் அலைந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருக்கிற குடும்பத்துக்கு ஆறு மாதம் என்பது ஒன்றுமில்லை. காகிதம் அதிகாரத்தின் கருவி என்று கட்டுரை எழுதுகிற நாம் கூலிக்காரர் கையில் ஒரு காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நலவாரிய அட்டை, அதைப் புதுப்பித்த தேதி, வங்கிப் புத்தகத்தில் சனிக்கிழமை தோறும் போட்ட சின்னச் சின்னத் தொகை, இவையெல்லாம் கோர்ட்டில் பேசும்.

ஒரு கட்டடத் தொழிலாளி கேஸில் மனுதாரர் வக்கீல் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். மேஸ்திரி வைத்திருந்த கூலி நோட்டு. அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட பள்ளிக்கூட நோட்டு. பேருக்கு நேரே முழு நாள் என்றால் ஒரு கோடு, அரை நாள் என்றால் பாதிக் கோடு. வாரக் கடைசியில் கூட்டுத்தொகை, அட்வான்ஸ் பிடித்தது போக மீதி. எங்கள் வக்கீல் கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆட்சேபித்தார். அவர் வேலை அது. தீர்ப்பாயம் மேஸ்திரியைக் கூண்டேற்றி விசாரித்தது. இருபது மாதக் கோடுகளை அவர் ஒவ்வொன்றாக, எந்தச் சைட், எந்த வீடு என்று சொல்லிக்கொண்டே போனார். நோட்டு எக்ஸிபிட்டாகப் பதிவானது, மாத வருமானம் 12,000 என்று ஏற்கப்பட்டது. அப்பீலுக்குப் போகலாமா என்று நோட் போட நோட்டின் நகல் என் மேசைக்கு வந்தபோது பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கொத்தனார்கள் எல்லோருக்கும் பெயர் இருந்தது. சில பெயருக்குப் பக்கத்தில் ஊரும் இருந்தது. ஒவ்வொரு நாளின் அடியிலும் 'சித்தாள் 2' அல்லது 'சித்தாள் 3' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த விபத்தில் கொத்தனாரோடு ஒரே வண்டியில் வந்து அடிபட்ட பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஃபைலும் அப்போது என்னிடம்தான் இருந்தது. வருமானம் என்ற கட்டத்தில் 'நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது. நோட்டிலிருக்கிற இரண்டு பேரில் அவள் யார் என்று மேஸ்திரியாலும் சொல்ல முடியவில்லை.